பிரான்ஸ் பாவிக்காத வீட்டோ: 2003 ஈராக் யுத்தத்திற்கு முன்னர் நடந்த வாதம்

சில மாதங்களுக்கு முன்னர் உயர்தர மாணவர்களுக்கான கருத்தரங்கொன்றில் சர்வதேச அரசியல் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். பேச்சின் நடுவே, "2003 இல் ஈராக் யுத்தத்திற்கு எதிராக பிரான்ஸ் தனது வீட்டோ அதிகாரத்தைப் பாவித்தது. அதையும் மீறித்தான் அமெரிக்கா போனது" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவி வந்து, "சேர், அந்த வீட்டோ எந்தத் திகதியில் பாவிக்கப்பட்டது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்த போதுதான் விளங்கியது, அப்படியொரு திகதியே கிடையாது. பிரான்ஸ் வீட்டோவைப் பாவிக்கவேயில்லை.

இருபது வருடங்களுக்கும் மேலாக நான் பிழையாக நம்பி வந்த விடயம் இது. நம்மில் பலரும் அப்படித்தான் நம்புகிறோம் என்பதைப் பிறகு நண்பர்களிடம் பேசியபோது அறிந்தேன். அதனால், அந்த நாட்களில் உண்மையில் என்ன நடந்தது, பிரான்ஸின் நிலைப்பாடு பற்றி உலகம் எப்படிப் பிரிந்து நின்று வாதிட்டது என்பதை ஒழுங்காக எழுதி வைப்பது நல்லது என நினைக்கிறேன்.

எல்லோரும் சேர்ந்து கை உயர்த்திய பிரேரணை

2002 நவம்பர் 8 ஆம் திகதி ஐ.நா. பாதுகாப்புச் சபை 1441 ஆம் இலக்கப் பிரேரணையை நிறைவேற்றியது. 15 நாடுகளும் ஆதரவாக வாக்களித்தன. அன்று சபையில் இருந்த ஒரே அரபு நாடான சிரியாவும் அதில் அடக்கம். ஆயுதங்களைக் களைய ஈராக்கிற்கு இதுவே இறுதிச் சந்தர்ப்பம் என்றும், தவறினால் பாரதூரமான விளைவுகளைச் சந்திக்க நேரும் என்றும் அது சொன்னது.

இந்தக் கடைசி வாசகத்தில்தான் பிரச்சினை ஒளிந்திருந்தது. யுத்தம் தொடங்க இதுவே போதும் என்றது ஒரு தரப்பு. இல்லை, சபை மீண்டும் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது மறுதரப்பு. பிரான்ஸ், ரஷ்யா, சீனா ஆகிய மூன்றும் பிரேரணை நிறைவேறிய அன்றே, இது தானாக யுத்தத்திற்கு வழிவிடும் பிரேரணை அல்ல என்று கூட்டாக அறிவித்தன. அதே நவம்பர் மாத இறுதியில் ஹான்ஸ் பிளிக்ஸ், மொஹமட் அல் பராதி ஆகியோரின் தலைமையிலான பரிசோதகர்கள் ஈராக்கில் வேலையைத் தொடங்கினார்கள்.

இங்கே ஒரு விடயத்தை மறைக்கக் கூடாது. ஆரம்பத்தில் பிரான்ஸ் கதவை முழுதாக மூடவில்லை. 2003 ஜனவரி 7 ஆம் திகதி ஜனாதிபதி ஜாக் சிராக், எதற்கும் தயாராக இருக்குமாறு தனது இராணுவத்திடம் சொன்னார். இரண்டு வாரங்கள் கழிய, ஜனவரி 20 இல், அவரது வெளிவிவகார அமைச்சர் டொமினிக் டி வில்பன், இன்றைய நிலையில் இராணுவ நடவடிக்கையை எதுவும் நியாயப்படுத்தாது என்று நியூயோர்க்கில் பகிரங்கமாகச் சொன்னார். கருத்து வேறுபாடு வெளியே வெடித்தது அன்றுதான்.

ஐரோப்பா இரண்டாகிய விதம்

ஜனவரி 22 ஆம் திகதி பிரான்ஸும் ஜேர்மனியும் தமது நட்புறவு உடன்படிக்கையின் 40 ஆவது ஆண்டைக் கொண்டாடின. சிராக்கும் ஜேர்மன் அதிபர் ஷ்ரோடரும் யுத்தத்திற்கு எதிராக ஒரே குரலில் பேசினார்கள். அதே நாள் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் டொனால்ட் ரம்ஸ்பெல்ட், இவ்விரு நாடுகளும் 'பழைய ஐரோப்பா' என்று ஏளனமாகச் சொன்னார்.

ஒரு வாரத்தில், ஜனவரி 30 இல், பிரித்தானியா, ஸ்பெயின், இத்தாலி, போர்த்துக்கல், டென்மார்க், போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு ஆகிய எட்டு நாடுகளின் தலைவர்கள் அமெரிக்காவுடன் நிற்பதாகப் பத்திரிகைகளில் கூட்டுக் கடிதம் வெளியிட்டார்கள். பெப்ரவரி முதல் வாரத்தில் கிழக்கு ஐரோப்பாவின் மேலும் பத்து நாடுகள் அதே பக்கம் சேர்ந்தன. நேட்டோ அமைப்புக்குள்ளும் பிளவு ஏற்பட்டது. யுத்தம் வந்தால் துருக்கியைப் பாதுகாப்பதற்கான முன்னேற்பாட்டை பிரான்ஸ், ஜேர்மனி, பெல்ஜியம் ஆகிய மூன்றும் சில நாட்கள் தடுத்து வைத்தன.

ஆனால் தலைவர்கள் ஒரு பக்கம் நிற்க, மக்கள் வேறு பக்கம் நின்றார்கள். பிரதமர் அஸ்னார் யுத்தத்தை ஆதரித்த ஸ்பெயினில், பத்தில் ஒன்பது பேர் எதிர்ப்பதாகக் கருத்துக்கணிப்புகள் காட்டின. பெப்ரவரி 15 ஆம் திகதி உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான நகரங்களில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். மிகப் பெரிய கூட்டங்கள் திரண்ட உரோம், இலண்டன், மட்ரிட், பார்சிலோனா எல்லாமே யுத்தத்தை ஆதரித்த அரசாங்கங்களின் நகரங்கள்.

அதற்கு முதல் நாள், பெப்ரவரி 14 இல், பாதுகாப்புச் சபையில் வில்பன் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. பரிசோதனைகள் பலன் தருகின்றன, அவற்றுக்குக் கால அவகாசம் கொடுங்கள், யுத்தத்தை வெல்வதை விட அதன் பிறகு சமாதானத்தைக் கட்டுவதே கடினம் என்பதே அதன் சாரம். பிரான்ஸ் ஒரு பழைய நாடு, யுத்தத்தையும் ஆக்கிரமிப்பையும் கண்ட நாடு என்று கூறி ரம்ஸ்பெல்டுக்கும் பதில் சொன்னார். கைதட்டும் வழக்கமே இல்லாத அந்த மண்டபத்தில் அன்று கைதட்டல் எழுந்தது.

மூன்று நாட்களின் பின்னர் சிராக் அந்த நல்ல பெயருக்குத் தானே சேதம் செய்துகொண்டார். அமெரிக்காவை ஆதரித்த கிழக்கு ஐரோப்பிய நாடுகள் வாயை மூடிக்கொண்டிருக்கக் கிடைத்த நல்ல சந்தர்ப்பத்தைத் தவறவிட்டுவிட்டன என்று கடிந்துகொண்டார். பெரிய நாடு சிறிய நாட்டை மிரட்டக் கூடாது என்று பேசியவர், தன்னை விடச் சிறிய நாடுகளிடம் அதே தொனியில் பேசியது பலரைக் காயப்படுத்தியது.

வாக்குக் கணக்கு

இனி வீட்டோ விடயத்துக்கு வருவோம். பாதுகாப்புச் சபையில் ஒரு பிரேரணை நிறைவேற 15 இல் 9 வாக்குகள் வேண்டும். ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் எவரும் எதிர்த்து வாக்களிக்கவும் கூடாது. 9 வாக்குகள் கிடைத்த பிறகுதான் வீட்டோவுக்கு வேலையே வரும்.

பெப்ரவரி 24 இல் அமெரிக்கா, பிரித்தானியா, ஸ்பெயின் ஆகியன இரண்டாவது பிரேரணையை முன்வைத்தன. அவற்றுடன் பல்கேரியா சேர்ந்தது. மொத்தம் நான்கு. பிரான்ஸ், ரஷ்யா, சீனா, ஜேர்மனி, சிரியா ஆகிய ஐந்தும் எதிர்ப்பக்கம். நடுவே நின்றவை அங்கோலா, கமரூன், கினி, சிலி, மெக்சிக்கோ, பாகிஸ்தான் ஆகிய ஆறு நாடுகள். அமெரிக்காவுக்கு இந்த ஆறில் ஐந்து தேவைப்பட்டது.

அந்த ஆறு நாடுகள் மீதும் வந்த அழுத்தம் சாதாரணமானதல்ல. அவர்களின் இராஜதந்திரிகளை ஒட்டுக்கேட்க உதவுமாறு அமெரிக்க உளவு நிறுவனம் பிரித்தானியாவைக் கேட்ட ஆவணம் மார்ச் 2 ஆம் திகதி இலண்டன் பத்திரிகையொன்றில் வெளியானது. அதைக் கசியவிட்டவர் பிரித்தானிய உளவு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த கத்தரின் கன். அவர் மீது வழக்குத் தொடரப்பட்டு, 2004 இல் அது கைவிடப்பட்டது. வில்பனும் சும்மா இருக்கவில்லை. அவர் நேரடியாக அங்கோலா, கமரூன், கினி நாடுகளுக்குப் பறந்து ஆதரவு திரட்டினார்.

மார்ச் 10 ஆம் திகதி இரவு சிராக் தொலைக்காட்சியில் தோன்றினார். எந்தச் சூழ்நிலையிலும் பிரான்ஸ் எதிர்த்து வாக்களிக்கும் என்றார். பிரித்தானியப் பிரதமர் டொனி பிளேயரின் அரசாங்கம் இந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டது. பிரான்ஸ் எதற்கும் இணங்காது, ஆகவே இராஜதந்திரம் முடிந்துவிட்டது என்று தமது பாராளுமன்றத்திடம் சொன்னார்கள். ஆனால் சிராக் அந்த வாக்கியத்திலேயே, அன்றிரவு இருந்த நிலைமையை வைத்துத்தான் பேசினார். அதே பேட்டியில், தம்மால் இனி வேலை செய்ய முடியாது என்று பரிசோதகர்களே கூறினால் யுத்தம் தவிர்க்க முடியாததாகிவிடும் என்றும் சொல்லியிருந்தார்.

மார்ச் 17 இல் இரண்டாவது பிரேரணை வாக்கெடுப்புக்கு விடப்படாமலே கைவிடப்பட்டது. பிரான்ஸின் வீட்டோதான் காரணம் என்று சொல்லப்பட்டது. ஆனால் அவர்களிடம் 9 வாக்குகள் இருக்கவேயில்லை. கினியும் கமரூனும் சிலியும் அசையாமல் நின்றது பிரான்ஸின் கோபத்தை விடப் பெரிய தடை. பழியைச் சுமத்துவதற்கு ஒரு பெரிய பெயர் வசதியாக இருந்தது, அவ்வளவுதான். நானும் அந்தப் பிரசாரத்தைத்தான் வேறு பக்கத்திலிருந்து பாராட்டாக மாற்றி மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 20 இல் யுத்தம் தொடங்கியது.

பிரான்ஸ் மீது சொல்லப்பட்டவை

அமெரிக்காவில் பிரான்ஸுக்கு எதிரான கோபம் சில இடங்களில் சிரிப்புக்கிடமாகவும் போனது. காங்கிரஸ் சபையின் உணவகத்தில் 'பிரெஞ்ச் பிரைஸ்' என்ற உருளைக்கிழங்குப் பொரியலின் பெயர் 'சுதந்திரப் பொரியல்' என்று மாற்றப்பட்டது. பிரெஞ்சு மதுவை வீதியில் ஊற்றினார்கள். பெயர் மாற்றத்திற்கு முன்னின்ற உறுப்பினர்களில் ஒருவரான வோல்டர் ஜோன்ஸ், இரண்டே வருடங்களில் மனம் மாறி, படைகளைத் திருப்பி அழைக்கும்படி கேட்டார்.

ஆனால் விமர்சனங்கள் எல்லாமே வெறும் கோபம் அல்ல. 1970களில் ஈராக்கிற்கு அணு உலையை விற்றது பிரான்ஸ். அப்போது பிரதமராக இருந்தவர் இதே சிராக். ஈரானுடனான யுத்தத்தில் சதாம் ஹுசைனின் விமானப்படைக்கு மிராஜ் விமானங்களை வழங்கியதும் பிரான்ஸ். பிரெஞ்சு எண்ணெய்க் கம்பனி ஈராக்கின் பெரிய எண்ணெய் வயல்களுக்காகப் பேச்சு நடத்தி வந்தது. 1999 இல் கொசோவோ விவகாரத்தில் பாதுகாப்புச் சபையின் அனுமதி இல்லாமல் நேட்டோ குண்டு வீசியபோது பிரான்ஸும் அதில் பங்கெடுத்தது. பிரான்ஸுக்குள்ளும் எல்லோரும் ஒரே கருத்தில் இருக்கவில்லை. மெய்யியலாளர் அந்த்ரே குளுக்ஸ்மன் போன்றோர், சதாமின் கீழ் வதைபடும் ஈராக்கியரை யார் காப்பாற்றுவது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஹலப்ஜாவை மறந்துவிட்டு சதாமை வீரராகக் கொண்டாடிய எமது மக்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

இவ்வளவும் இருந்தாலும், எண்ணெய்க்காகத்தான் பிரான்ஸ் எதிர்த்தது என்ற வாதம் எனக்குப் பொருந்தவில்லை. வெல்லப்போவது யார் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஒப்பந்தங்கள்தான் நோக்கம் என்றால், வெல்பவருடன் போய் நிற்பதே இலாபம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரான்ஸை அன்று முஸ்லிம்களின் நண்பன் என்று கொண்டாடினோம். சரியாக ஒரு வருடத்தில், 2004 மார்ச் 15 இல், அதே சிராக்கின் ஆட்சி அரச பாடசாலைகளில் ஹிஜாபைத் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஈராக்கில் இரண்டு பிரெஞ்சு ஊடகவியலாளர்களைக் கடத்தியவர்கள் அந்தச் சட்டத்தை நீக்கக் கோரியபோது, அதைக் கண்டித்து முன்வந்தவர்கள் பிரான்ஸ் முஸ்லிம்களே. 2011 இல் லிபியா மீதான தாக்குதலில் முன்னின்றதும் பிரான்ஸ்தான். ஒரு நாடு ஒரு விடயத்தில் சரியாக இருப்பது வேறு, எமது நண்பனாக இருப்பது வேறு.

எதிர்த்ததால் என்ன பயன்?

யுத்தம் எப்படியும் நடந்தது. ஒரு இலட்சத்துக்கும் அதிகமான ஈராக்கியப் பொதுமக்கள் இறந்தார்கள். அப்படியானால் அந்த எதிர்ப்பு வீண்தானே என்று கேட்கலாம்.

எங்கள் வீட்டிலும் அன்று அந்தப் பேச்சு நடந்தது. சாச்சியின் மகள் குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தார். 1990 இல் குவைத்தில் சிக்கிய இலங்கையரின் கதைகள் எல்லோருக்கும் நினைவில் இருந்தன. வாப்பா இரவில் வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு, "வெள்ளைக்காரன்ட சண்டையில வெள்ளைக்காரனே வேணாமெண்டு சொல்றான், ஆனா யாரு கேக்குற?" என்பார். அன்று எனக்கும் அது வீண் பேச்சாகத்தான் தெரிந்தது.

இன்று அப்படி நினைக்கவில்லை. பாதுகாப்புச் சபையின் முத்திரை அந்த யுத்தத்திற்குக் கிடைக்கவில்லை. 2004 இல் கொபி அனான் அது ஐ.நா. சாசனத்துக்கு முரணானது என்று சொல்ல முடிந்தது அதனால்தான். அதே ஆண்டு அமெரிக்காவின் சொந்தப் பரிசோதனைக் குழு, ஆயுதக் களஞ்சியங்கள் எதுவும் இல்லை என்று அறிக்கை தந்தது. 2016 ஜூலையில் வெளியான பிரித்தானியாவின் சில்கொட் அறிக்கை, சமாதான வழிகள் முடிவடைவதற்கு முன்னரே யுத்தம் தெரிவு செய்யப்பட்டது என்றது. பெரும்பான்மை இல்லாத நிலையில் சபையின் அதிகாரத்தைப் பலவீனப்படுத்தியது பிரித்தானியாதான் என்றும் அது சொன்னது. பிரான்ஸ் மீது போடப்பட்ட பழி இப்படி அவர்கள் கையாலேயே திருப்பி எடுக்கப்பட்டது.

துருக்கியையும் மறக்கக் கூடாது. மார்ச் 1 ஆம் திகதி, அமெரிக்கப் படைகளுக்கு இடம் கொடுக்கும் பிரேரணைக்கு துருக்கிப் பாராளுமன்றத்தில் ஆதரவாக 264 வாக்குகளும் எதிராக 250 வாக்குகளும் கிடைத்தன. 19 பேர் வாக்களிப்பில் இருந்து விலகி நின்றதால், சமுகமளித்தோரில் தேவையான பெரும்பான்மை மூன்று வாக்குகளால் தவறியது. வடக்கிலிருந்து பெரும் படையை நுழைக்கும் திட்டம் அத்தோடு போனது.

பாதுகாப்புச் சபையின் அந்தத் தற்காலிக ஆசனத்தில் இலங்கையும் 1960, 1961 ஆண்டுகளில் இருந்திருக்கிறது. கினியும் கமரூனும் அன்று நின்ற இடத்தில் எந்தச் சிறிய நாடும் ஒரு நாள் நிற்க நேரலாம். யுத்தமொன்று நெருங்குவதாகச் செய்தி வரும்போது, பெரிய தலைவர்களின் பேச்சை மட்டும் பார்க்காமல், யார் யாரிடம் எத்தனை வாக்குகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க எமது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

அந்த மாணவியின் பாடசாலைக்கு மீண்டும் அழைத்திருக்கிறார்கள். இம்முறை முதல் வேலையாக, போன தடவை சொன்னது பிழை என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கப் போகிறேன்.