ஜாப் நோட்டின் பின்பக்கங்கள்

கோவை கணபதியில் நான் வேலை பார்க்கிற லேத் பட்டறையில் ஆளுக்கொரு நீள நோட்டு உண்டு. முன்பக்கத்திலிருந்து ஷாஃப்ட் அளவு, எத்தனை பீஸ், எந்தப் பம்புசெட் கம்பெனிக்கு என்று எழுதிக்கொண்டே போவோம். என் நோட்டில் பின்பக்கத்திலிருந்து பந்தாட்டக் கணக்கு ஓடும். தேதி, எதிரணி, கோல், அடித்தவர் பெயர். சென்னை சிட்டி எஃப்.சி. கோவைக்கு வந்த 2017 நவம்பரில் அந்தக் கணக்கைத் தொடங்கினேன். 2018-19 சீசனுக்கு மட்டும் நான்கு பக்கம் ஆகியிருக்கிறது. அந்த நான்கு பக்கத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். தமிழ்நாட்டு கிளப் ஒன்று ஐ லீக் கோப்பையைத் தூக்கிய ஒரே சீசன் அது. இன்று அந்த லீக்குக்கு இரண்டாம் அடுக்கு என்று பெயர். அந்தப் பெயர் அன்றைக்கே பாதி ஒட்டியிருந்தது.

ஐ லீக் 2007இல் வந்தது. அதற்கு முன்னால் 1996 முதல் தேசிய கால்பந்து லீக் என்று ஒன்று நடந்தது. அதில் சென்னையின் இந்தியன் பாங்க் அணி சில ஆண்டுகள் ஆடியிருக்கிறது. ஆனால் பேர் எடுக்க வேண்டும் என்றால் நம் பையன்கள் கல்கத்தாவுக்குத்தான் ரயில் ஏற வேண்டும். ராமன் விஜயன் 1997-98 லீக்கில் அதிக கோல் அடித்தது ஈஸ்ட் பெங்கால் சட்டையில்தான். 2014இல் சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் முதலாளிகளாக இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல். வந்தது. டி.வி., விளம்பரம், பெரிய ஸ்டேடியம் எல்லாம் அந்தப் பக்கம் போயின. 2017-18 முதல் இரண்டு லீக்கும் ஒரே காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குப் போகிற உரிமை மட்டும் ஐ லீக் சாம்பியனிடம் மிச்சம் இருந்தது. காகிதத்தில் முதல் தரம், நடத்தையில் இரண்டாம் தரம். 2018-19இல் ஐ லீக்கின் எல்லா ஆட்டத்தையும் டி.வி.யில் காட்டக்கூட இல்லை.

எனக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். என் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், தூத்தூர் பக்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏ.வி.எம். கால்வாய், நடுவில் வடக்கயிறு கிடக்கிற மாதிரி ஒரு துண்டு நிலம். அதில் வீடு கட்டியது போக மிச்ச மணல் எல்லாம் பந்துக்கு. சுறா பிடிக்க வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிற ஆட்கள் கரை ஏறினால், அன்று சாயங்காலமே மணலில் இறங்கிவிடுவார்கள். கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றினால் டூர்னமெண்ட்டுக்கும் ஆள் சேர்ப்பு தொடங்கும். மணலில் வெறுங்காலில் பந்து உருட்டிப் பழகியவனுக்குப் புல்தரையில் பூட்ஸ் போட்டால் பறக்கிற மாதிரி இருக்கும். பக்கத்து இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் அப்படித்தான் வந்தார். சென்னை சிட்டிக்கு ஆடி 2017-18 ஐ லீக்கின் சிறந்த நடுக்கள வீரர் ஆனார். அவர் சகோதரர் மைக்கேல் ரெஜினும் அதே அணியில் இருந்தார். ஐ.டி.ஐ. முடித்துக் கோவைக்குப் பிழைக்க வந்த எனக்கு, ஊர் மணல் நேரு ஸ்டேடியத்துக்கே தேடி வந்த மாதிரி இருந்தது.

என் நோட்டில் 2017 டிசம்பர் வெற்றுப் பக்கம். நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. எங்கள் கரையிலிருந்து ஆழ்கடல் போயிருந்த பலர் திரும்பவில்லை. நான் ஊரில்தான் இருந்தேன். பந்து யார் நினைவிலும் இல்லை. ஜனவரியில் பட்டறைக்குத் திரும்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கேலரியில் போய் உட்கார்ந்தபோது, களத்தில் எங்கள் கரைப் பையன்கள் ஓடுவதைப் பார்க்கப் பார்க்கக் கண் மறைத்தது. அன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்று எழுதவில்லை.

சென்னை பெயர் வைத்த அணி கோவையில் ஏன் ஆடியது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 2016-17இல் நேரடி அனுமதியில் லீக்குக்குள் வந்தபோது அது சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஆடியது. ஐ.எஸ்.எல்.லின் சென்னையின் எஃப்.சி.க்கும் அதுதான் வீடு. அடுத்த சீசனில் சிட்டி மேற்கே வந்துவிட்டது. கோவைக்கும் ஒரு நேரு ஸ்டேடியம் இருக்கிறதே. வ.உ.சி. பூங்கா பக்கம், சுற்றிலும் கடைகள், உள்ளே ஓட்டப்பந்தயத் தடம், வெயிலில் சுடுகிற சிமெண்ட் படிகள். முதல் இரண்டு சீசனிலும் எட்டாவது இடம். சூசைராஜ் ஜம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். 2018இல் இந்த அணியைக் கோப்பைக்குச் சொன்னவர் யாரும் இல்லை.

அந்த வருடம் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். கூடவே ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கூட்டம்: நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிக்ஸ், ராபர்டோ எஸ்லாவா, முன்வரிசைக்கு உருகுவேயில் பிறந்த பெட்ரோ மன்சி. நம் ஊர் லீக் ஆட்டங்களில் கோல்கீப்பர் பந்தை வானத்துக்கு அடிப்பார், கீழே நாலு பேர் முட்டிக்கொள்வார்கள். இவர்கள் பந்தைத் தரையை விட்டுத் தூக்கவே யோசித்தார்கள். கோல்கீப்பர் பக்கத்து டிஃபெண்டருக்குத் தட்டுவார், அவர் எட்டடி தள்ளி நிற்பவருக்கு, அவர் திரும்பவும் பின்னால். முதல் நாள் கேலரியில் "முன்னாடி அடிங்கடா" என்று கத்தினார்கள். இரண்டு மாதத்தில் அதே ஆட்கள் பின்னால் போகிற பாஸுக்குக் கை தட்டினார்கள். கோவைக் கேலரி ஆட்டம் படித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எட்வின் வன்ஸ்பால், அலெக்சாண்டர் ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டுப் பையன்களும் அந்தப் பாஸ் சங்கிலியில் ஒரு கண்ணிகூட அறாமல் நின்றார்கள். எனக்கு அதுதான் பெரிது. காசு கொடுத்து வாங்கிவந்த கோப்பை என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும்.

2018 அக்டோபர் 26. முதல் ஆட்டமே கோவையில். இந்தியன் ஏரோஸுக்கு எதிராக 4-1, மன்சி மூன்று. நோட்டில் அந்த மூன்றுக்கும் அடியில் கோடு போட்டிருக்கிறேன். நவம்பரில் கல்கத்தா சால்ட் லேக்கில் ஈஸ்ட் பெங்காலை 2-1. ஜனவரியில் கோவையில் மறுபடி 2-1. இந்த இரண்டும்தான் கடைசியில் எங்களுக்குத் தலையணை ஆயிற்று. அதே ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் எங்கள் அணியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. பட்டறையில் வேலை பார்க்கிற எங்களுக்கு அது செய்தித்தாள் சமாச்சாரம். எங்களுக்குச் சமாச்சாரம் புள்ளிப் பட்டியல். அந்தப் பக்கம் ஐ.எஸ்.எல்.லில் முந்தைய ஆண்டு சாம்பியனான சென்னையின் எஃப்.சி. 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்துக் கடைசியில் கிடந்தது. இந்தப் பக்கம் நாங்கள் முதலில் இருந்தோம். பத்திரிகையில் எதற்கு எவ்வளவு இடம் என்று அளந்து பார்த்து வயிறெரிந்த நாட்கள் அவை.

மார்ச் முதல் தேதி கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸ் அணியிடம் 3-2 என்று தோற்றோம். அன்றே முடிந்திருக்க வேண்டியது கடைசி நாளுக்குத் தள்ளிப்போனது. நாங்கள் 40, ஈஸ்ட் பெங்கால் 39. மார்ச் 9, சனிக்கிழமை. எங்களுக்குக் கோவையில் மினர்வா பஞ்சாப், அவர்களுக்குக் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா. ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

சனிக்கிழமை பட்டறையில் சம்பள நாள். மூன்று மணிக்கே கை கழுவிவிட்டு நின்றேன். முதலாளி கவரை நீட்டியபடி கேட்டார்:

"ஏனுங் தம்பி, கப்பு நமக்குத்தானுங்களா?"

"இன்னைக்கு ஜெயிச்சுட்டா நமக்குத்தாங்ண்ணா."

"அப்ப நானும் வர்றனுங்க. வண்டிய எடுங்க."

பதினோரு வருடத்தில் அவர் பின்னால் உட்கார நான் வண்டி ஓட்டியது அன்றைக்கு மட்டும்தான்.

உட்கார்ந்து மூச்சு விடவில்லை. மூன்றாம் நிமிடத்தில் ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார். மினர்வா 1, நாங்கள் 0. கேலரியே செத்துப்போன மாதிரி ஆயிற்று. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் வாங்கி வைத்திருந்த சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். இடைவேளை வரை அப்படியே. எல்லோர் கையிலும் போன், போனில் கோழிக்கோடு. அங்கே 0-0. நான் முதலாளிக்குக் கணக்குச் சொன்னேன்: இரண்டு ஆட்டமும் இப்படியே முடிந்தால் இரு அணிக்கும் 40, நேருக்கு நேர் இரண்டு தடவையும் அவர்களை நாம் ஜெயித்ததால் கோப்பை நமக்கு. அவர் கேட்டார், "அப்ப அவிய ஒண்ணு அடிச்சுட்டா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

56ஆம் நிமிடம் பெனால்டி. மன்சி வைத்தார், அடித்தார், 1-1. அந்த சீசனில் அவருக்கு அது 21ஆவது கோல். லீக்கிலேயே அதிகம், சர்ச்சிலின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21. பிறகு 69ஆம் நிமிடம். கௌரவ் போரா, அசாமிலிருந்து வந்த டிஃபெண்டர். எங்கள் பக்கம் 2-1. ஏறக்குறைய அதே நேரத்தில் கோழிக்கோட்டில் மார்கஸ் ஜோசப் கோகுலத்துக்கு அடித்துவிட்டார் என்று யாரோ கத்தினார்கள். முதலாளி என் தோளைப் பிடித்து உலுக்கினார். கிரீஸ் கறை போகாத அந்தக் கையின் அடையாளம் என் வெள்ளைச் சட்டையில் பதிந்துவிட்டது.

ஆனால் கோழிக்கோட்டில் கதை திரும்பியது. 79இல் பெனால்டி, ஹைமே கோலாடோ. 85இல் லால்டன்மாவியா ரால்டே. ஈஸ்ட் பெங்கால் 2-1. இப்போது அவர்கள் 42. நாங்கள் ஜெயித்தால் 43, மினர்வா ஒரு கோல் போட்டால் 41. 2003-04க்குப் பிறகு லீக் பட்டம் காணாத கிளப் அது. அந்தப் பதினைந்து வருடப் பசி கணவாய் தாண்டி வந்து எங்கள் கேலரி மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கடைசி நிமிடங்களில் நான் களத்தைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த பெரியவரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திடீரென்று எழுந்தார், சுண்டல் சிதறியது. காயநேரத்தில் போரா மறுபடி அடித்திருந்தார். 3-1. சீசன் முழுக்கக் கோல் போடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று காவல் காத்த ஆள், கடைசி நாளில் இரண்டு.

அம்மாவுக்குப் போன் போட்டேன். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. "மக்களே, ஜெயிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டது. ஆமாம் என்று கத்தினேன்.

அடுத்த மாதம் புவனேஸ்வரில் சூப்பர் கப் நடந்தது. ஐ லீக் கிளப்கள் பல, தங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று சொல்லி விலகி நின்றன. அவர்களுடைய நியாயம் நியாயம்தான். சென்னை சிட்டி போய் ஆடியது. காலிறுதியில் பெங்களூரு எஃப்.சி. மூன்று வாரத்துக்கு முன்னால் ஐ.எஸ்.எல். பட்டம் ஜெயித்த அணி. நாங்கள் 2-1 என்று ஜெயித்தோம். அரையிறுதியில் கோவாவிடம் 3-0 என்று தோற்றது தனி. ஆனால் முதல் தரம், இரண்டாம் தரம் என்று பேசுகிறவர்களுக்கு நான் காட்டுவது காலிறுதி எழுதிய அந்தப் பக்கத்தைத்தான்.

2019 அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பு புதிய திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஐ.எஸ்.எல். நாட்டின் முதல் லீக், சாம்பியன்ஸ் லீக் இடம் இனி அதற்கே. ஐ லீக் அடுத்த படிக்கு இறங்கியது. அந்த உரிமையோடு கோப்பை வாங்கிய கடைசி அணி நாங்கள். 2020 ஜனவரியில் பஹ்ரைனின் அல் ரிஃபாவோடு ஆசியத் தகுதிச் சுற்று ஆட வேண்டி வந்தபோது அது கோவையில் நடக்கவில்லை, அகமதாபாத்தில் நடந்தது. 1-0 என்று தோற்றோம். போனில் பார்த்தேன். காலி நாற்காலிகளுக்கு நடுவில் நம் பையன்கள் ஆடியதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. வ.உ.சி. பூங்கா பக்கத்தில் அந்த ஆட்டம் நடந்திருந்தால் கேலரி எப்படி நிரம்பியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மாதமே மன்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். அதுவும் அப்போது இரண்டாம் டிவிஷன் அணிதான்.

பிறகு கொரோனா. 2020-21 சீசன் முழுக்க மேற்கு வங்கத்திலேயே, ஆளில்லாத ஸ்டேடியங்களில் நடந்தது. அதற்கப்புறம் சென்னை சிட்டி ஐ லீக்கில் ஆடவில்லை. 2022-23 முதல் ஐ லீக் சாம்பியன் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறலாம் என்று கதவு திறந்தது. முதலில் ஏறியது ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப். கடைசி நாளில் எங்களிடம் தோற்ற அதே மினர்வாதான், பெயர் மாறியிருந்தது. கதவு திறந்தபோது வாசலில் நாங்கள் இல்லை.

போன மே மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா மகனுக்குப் பதினாறு வயது. இடது கால் பையன், எங்கள் மணலில் அவனை நிறுத்த ஆள் இல்லை. கோயம்புத்தூரில் இப்போது டீம் இருக்கிறதா மாமா என்று கேட்டான். இல்லை மக்கா என்றேன். கோழிக்கோட்டில் ஒரு ட்ரயலுக்குப் பேர் கொடுத்திருக்கிறானாம். நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய கடையில் எட்டாம் நம்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி, தினத்தந்தித் தாளை உள்ளே திணித்து, பார்சல் போட்டிருக்கிறேன்.