தேக்கடி: அடிக்கணக்கும் ஆள்கணக்கும்

தேக்கடி ஏரியை இயற்கையின் கொடை என்கிறார்கள். அதற்கு வயசு நூத்தி முப்பதுதான். 1895 அக்டோபர் 10இல் சென்னை கவர்னர் வென்லாக் முல்லைப் பெரியாறு அணையைத் திறந்து வைத்தார். அதற்கு முன் அது மரமடர்ந்த பள்ளத்தாக்கு. மூழ்கிச் செத்த மரங்களின் கட்டைகள் இன்றைக்கும் தண்ணிக்கு மேலே நிற்கின்றன. படகில் போகிறவர்கள் அழகென்று படம் பிடிக்கிறார்கள். எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: இந்தத் தண்ணியைத் தேக்கியது யார், யாருக்காக?

1886 ஒப்பந்தப்படி திருவிதாங்கூர் அரசர் 8000 ஏக்கரை 999 வருஷக் குத்தகைக்கு வெள்ளை அரசாங்கத்துக்குக் கொடுத்தார். ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். கையெழுத்துப் போட்டது இரண்டு தரப்பு. காட்டில் வாழ்ந்த மன்னான்களும் பளியர்களும் எந்தத் தரப்பிலும் இல்லை.

1887இல் வேலை தொடங்கியது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் கூலிச் சனங்கள் மலையேறினார்கள். கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்தார்கள். மலேரியாவும் காலராவும் கொண்டுபோயிற்று. நோயில் செத்து அணைக்கு வடக்கே புதைக்கப்பட்டவர்கள் 483 பேர் என்கிறது கணக்கு. எண்ணிக்கை வந்து சேர்ந்தது, பேர் வந்து சேரவில்லை. கட்டிய பென்னிகுயிக்குக்கு 2013இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறந்தார்கள். ஊர்ச் சனம் பொங்கல் வைக்கிறது. வைக்கட்டும், அவர் உழைப்பு பொய்யில்லை. கல் சுமந்தவங்களை யார் பேர் சொல்லிக் கும்பிடுவது?

மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணி வைகைப் பக்கம் இறங்கியது. அணை எழுந்துகொண்டிருந்த அதே 1892இல்தான் பஞ்சமி நில உத்தரவும் வந்தது. பஞ்சமருக்கு ஒதுக்கியது தரிசு. அணைத் தண்ணி பாய்ந்தது பட்டா வைத்திருந்தவர் நஞ்சையில். அந்த நஞ்சையில் நம்ம சனங்க பெரும்பாலும் கூலிக்குத்தான் நாற்று நட்டாங்க.

ஏரியைச் சுற்றிய காடு 1934இல் நெல்லிக்காம்பட்டி சரணாலயம், 1950இல் பெரியாறு சரணாலயம், 1978இல் புலிகள் காப்பகம் என்று ஆனது. யானைக்கும் புலிக்கும் இடம் வேண்டும்தான். ஆனால் மன்னான்களும் பளியர்களும் குமுளி ஓரத்துக் குடியிருப்புகளுக்கு நகர்த்தப்பட்டார்கள். அவர்களில் சிலர் இன்று சொந்தக் காட்டில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மூங்கில் தெப்பம் தள்ளுகிறார்கள்.

136 அடியா, 142 அடியா என்று இரண்டு மாநிலமும் மல்லுக்கட்டின. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 என்றது. அடிக்கணக்கு பேசுகிற நாம் ஆள்கணக்கும் பேசணும். கம்பம் பள்ளத்தாக்குச் சேரிகளில் பெரியாத்து வேலைக்குப் போய்த் திரும்பாத பாட்டன், பூட்டன் பேச்சு எங்காவது மிச்சமிருக்கலாம். கிழடுகள் போவதற்குள் கேட்டு எழுதுவோம்.