கேண்டிடா ஆல்பிக்கன்சு உயிரிப்படலம்

கேண்டிடா ஆல்பிக்கன்சு என்னும் பூஞ்சையின் உயிரணுக்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசைப்பொருளுக்குள் கூட்டமாக வாழும் அமைப்பு அதன் உயிரிப்படலம் ஆகும். நலமானவர்களின் வாயிலும் குடலிலும் இப்பூஞ்சை பெரும்பாலும் தீங்கின்றி வாழ்கிறது. சிரைக்குள் செருகிய வடிகுழாய், செயற்கை இதய வால்வு போன்றவற்றில் இது படலமாகப் படிந்தால், அங்கிருந்து பிரியும் உயிரணுக்கள் குருதியில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதலில் முட்டை வடிவ ஈஸ்ட் உயிரணுக்கள் ஒட்டுப்புரதங்களின் உதவியால் பரப்பைப் பற்றுகின்றன. பின்னர் அவை பெருகி, நீண்ட இழைகளை உருவாக்கிப் பின்னிக்கொள்கின்றன. இழை வளர்ச்சியைத் தூண்டும் இஎஃப்ஜி1 மரபணுவை நீக்கிய பூஞ்சையால் உறுதியான படலத்தை அமைக்க இயலுவதில்லை. திசுவைத் துளைப்பவையும் இவ்விழைகளே. 2016இல் கண்டறியப்பட்ட கேண்டிடாலைசின் என்னும் நச்சையும் இவையே சுரக்கின்றன. எனவே படல உருவாக்கத்தையும் நோயுண்டாக்கும் திறனையும் முற்றிலும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

பசைப்பொருளிலுள்ள பீட்டா குளுக்கான் என்னும் மாவியப்பொருள் புளூகோனசோல் மருந்தைப் பிணைத்து, உயிரணுக்களை அடையாமல் தடுக்கிறது. ஆய்வகங்களில் மருந்துச் சோதனை வழக்கமாக மிதக்கும் உயிரணுக்களைக் கொண்டே செய்யப்படுகிறது. ஆகவே சோதனையில் பயனளித்த மருந்து நோயாளியிடம் பயனற்றுப் போகலாம். எக்கினோகேண்டின் வகை மருந்துகள் படலத்தின் மீது ஓரளவு நன்கு செயற்படுகின்றன. எனினும், இயன்றவிடத்து வடிகுழாயையே அகற்றிவிடுமாறு மருத்துவ வழிகாட்டல்கள் பரிந்துரைக்கின்றன.