முதியோரின் நீரிழப்பைக் கண்டறிதல்: தென்காசி வட்டாரத்தை முன்வைத்து

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று இறங்கிக் குற்றாலத்தில் சாரல் கட்டியதும், நீரிழப்பு பற்றிய நினைப்பே தென்காசி வட்டாரத்தில் ஓய்ந்துவிடுகிறது. சித்திரை வெயிலோடு அது முடிந்தது என்கிறோம். முதியோரைப் பொறுத்தவரை இது தவறு. வியர்த்தால்தான் நீர் குறையும் என்பதில்லை, குடிக்காவிட்டாலும் குறையும். 24 மணி நேரம் நீரருந்தாமல் இருந்த ஆரோக்கியமான முதியோருக்கு இளைஞரைவிடத் தாகம் குறைவாகவே எடுத்தது, பிறகு தண்ணீர் கொடுத்தபோதும் அவர்கள் குறைவாகவே குடித்தார்கள் என்று ஆய்வாளர் ஃபிலிப்ஸ் குழுவினர் 1984இல் காட்டினர். குளிர் அந்த மங்கிய தாகத்தையும் அடக்கிவிடும். ஈரத்தில் வழுக்கி விழுவோமென்று அஞ்சி, இரவில் எழ வேண்டாமே எனப் பொழுது சாயும்போதே தண்ணீரை நிறுத்திவிடும் ஆச்சிகளுக்கு அருவியின் அருகிலும் நீர் வற்றும்.

கண்டறிவதில்தான் உண்மையான சிக்கல். புறங்கைத் தோலைக் கிள்ளுகிறோம், நாக்கைப் பார்க்கிறோம், சிறுநீரின் நிறத்தைக் கேட்கிறோம். முதுமையில் தோலின் மீள்தன்மை தானாகவே போய்விடுகிறது. வாயால் மூச்சு விடுபவருக்கும் சில மாத்திரைகள் உண்பவருக்கும் நாக்கு எப்போதும் வறண்டிருக்கும். சிறுநீரைச் செறிவாக்கும் திறன் சிறுநீரகத்துக்குக் குறைந்துவிடுவதால், உடலில் நீர் குன்றியபோதும் சிறுநீர் வெளிறியே போகலாம். இவற்றில் எந்த ஒன்றையும் தனியே நம்பக்கூடாது என்பதே 2015இல் வெளிவந்த காக்ரன் தொகுப்பாய்வின் முடிவு.

நம்பத்தக்க அளவுகோல் இரத்தத்தின் ஊடுபரவல் செறிவு (osmolality): அது கிலோவுக்கு 300 மில்லி ஆஸ்மோலைத் தாண்டினால் நீரிழப்பு. அதை நேரடியாக அளக்கும் கருவி எல்லா ஊரிலும் இராது. ஆனால் வழக்கமான இரத்தப் பரிசோதனையிலிருந்தே அதைக் கணக்கிடலாம். கஜூரியா–கிரான் சூத்திரப்படி, சோடியம், பொட்டாசியம் இரண்டின் கூட்டலை 1.86ஆல் பெருக்கி, சர்க்கரையை 1.15ஆல் பெருக்கிச் சேர்த்து, யூரியாவையும் 14ஐயும் கூட்ட வேண்டும். நம் ஆய்வகங்கள் மில்லிகிராமில் தரும் சர்க்கரையை முதலில் 18ஆலும் யூரியாவை 6ஆலும் வகுத்துக்கொள்ள வேண்டும். விடை 295ஐத் தாண்டினால் ஐயுற வேண்டும். சோடியம் 143, பொட்டாசியம் 4.2, சர்க்கரை 126, யூரியா 36 என்று ஓர் அறிக்கை வந்தால், சர்க்கரையைத் தவிர வேறெதையும் யாரும் கவனிக்கமாட்டார்கள். கணக்கிட்டால் ஏறத்தாழ 302 வருகிறது! ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே பார்த்து "நார்மல்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே என் வாதம்.

வகை பிரிப்பதும் கண்டறிதலின் பகுதியே. வயிற்றுப்போக்கில் உப்பும் நீரும் சேர்ந்து போகின்றன. அதற்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் வேண்டும். குடிக்காமல் வற்றியவருக்கு வேண்டியது தண்ணீர், காபி, நீர்மோர் போன்றவையே. உப்புக் கரைசல் அவருக்கான மருந்தன்று. "ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க" என்று குடும்பத்தார் கேட்கும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடிச் செல்கின்றன. அப்போதே, சாப்பாட்டு வேளைகளுக்கு இடையில் என்ன குடித்தீர்கள், சோர்வு உண்டா என்று கேட்கலாம். ஐயமிருந்தால் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு யூரியாவே கணக்கை உயர்த்திவிடும் என்பதால் கிரியேட்டினினையும் பார்க்க வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு எவ்வளவு நீர் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.