பாலும் ஆற்றலும்: பாத்திர விளையாட்டுகளின் வரலாற்றில் ஒரு விதி

தமிழ் இலக்கணத்தில் பால் என்பது வினைமுற்றின் ஈற்றில் நின்று தன்னைக் காட்டிக்கொள்வது. வந்தான், வந்தாள் என்னும் இரண்டிலும் வருதல் என்னும் தொழில் ஒன்றே. ஈறு மட்டுமே வேறு. ஈறு மாறியதால் வந்தவர் நடையில் தளர்ச்சி உண்டாயிற்று என்று எந்த உரையாசிரியரும் எழுதியதில்லை. ஆனால், பால் மாறினால் ஆற்றலும் மாறும் என்று எண்ணிட்டுக் காட்டிய ஒரு விதி 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அச்சேறியது. அது சட்ட நூலன்று, மருத்துவ நூலுமன்று, ஒரு விளையாட்டு நூல்.

விளையாட்டுத்தானே என்று தள்ளிவிடுவதற்கில்லை. இன்று மாணவர்கள் கைப்பேசியிலும் கணினியிலும் ஆடும் இணைய விளையாட்டுகளுள் பல அந்நூலின் வழிவந்தவை. ஒரு பெயரைச் சூட்டி, ஓர் உருவத்தைத் தேர்ந்து, ஆணா பெண்ணா என்று குறித்து, அப்பாத்திரமாகவே நின்று ஆடுவது அவற்றின் இயல்பு. அந்த ஒரு குறி பாத்திரத்தின் வலிமையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா என்னும் வழக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டாக நடந்துவருகிறது.

இவ்வகை விளையாட்டின் மூலநூல் 1974ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பதாகும். அதனை ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர். அக்காலத்தில் கணினி இதில் தலையிடவில்லை. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் நடத்துநராக இருந்து கதையை விரிப்பார். மற்றையோர் ஆளுக்கொரு பாத்திரமாகி, குகைக்குள் நுழைவதையும் பூதத்தோடு பொருவதையும் வாயாற்சொல்லி ஆடுவர். பாத்திரத்தின் தகுதிகள் ஆறு: வலிமை, நுண்ணறிவு, மெய்யறிவு, கைத்திறன், உடலுறுதி, பிறரைக் கவரும் ஆளுமை. ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டி வரும் கூட்டுத்தொகையே ஒவ்வொரு தகுதிக்கும் அளவு. ஆகவே அது 3க்குக் குறையாது, 18க்கு மிகாது.

முதல் நூலில் பெண்பாற் பாத்திரத்துக்கென்று வலிமை வரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. பெண்பாலாரை அந்நூல் வரவேற்றது என்று இதனால் கொள்ளவேண்டா. போர்த்தொழில் பூண்ட பாத்திரங்களுக்கு அது இட்ட பெயரே ‘போரிடும் ஆடவர்’ என்பதுதான். பெண்களைப் பற்றி அது நினைக்கவேயில்லை. நினைக்காததால் விதியும் எழவில்லை. நினைக்கத் தொடங்கியபோது விதி வந்தது.

1976ஆம் ஆண்டு அக்டோபரில் ‘தி டிராகன்’ என்னும் இதழின் மூன்றாம் எண்ணில் லென் லகோப்கா என்பார் ஒரு கட்டுரை வரைந்தார். பெண்களை இவ்விளையாட்டுக்குள் அழைத்துவருவது எப்படி என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். நோக்கம் நல்லதே. ஆனால் அவர் கண்ட வழி விந்தையானது. பெண் பாத்திரத்துக்குப் பிறரைக் கவரும் ஆளுமை என்னும் தகுதியை நீக்கி அவ்விடத்தில் ‘அழகு’ என்பதை வைத்தார். ஆடவரை மயக்கும் மந்திரங்களையும் சேர்த்தார். ஆளுமை என்பது படையை நடத்தும் தலைமைக்கும் உரியது; அழகோ பார்ப்பவர் கண்ணுக்கு உரியது. அழைத்து வந்து வாயிற்படியிலேயே அமர்த்திவிட்ட கதைதான் அது. இன்றளவும் அக்கட்டுரை கடிந்து பேசப்படுகிறது.

அது ஒரு கருத்துரையே, கட்டாயமன்று. கட்டாயமானது 1978இல் கைகாக்ஸ் எழுதிய ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ என்னும் ஆட்டக்காரர் கையேட்டில் வந்த அட்டவணையே. அதன் நுட்பத்தைச் சற்று விளக்கவேண்டும். போர்வீரப் பாத்திரம் ஒன்றுக்கு வலிமை 18 விழுந்தால், மீண்டும் பகடையுருட்டி 1 முதல் 100 வரை ஓர் எண் எடுக்கப்படும். அவ்வெண் உயர உயர வலிமையும் உயரும். 100 விழுந்தால் அதனை 18/00 என்று குறிப்பர். மானிட இனத்து ஆண் இந்த உச்சியைத் தொடலாம். மானிடப் பெண்ணுக்கு உச்சி 18/50. எல்ப் என்னும் வனமாந்தரில் ஆணுக்கு 18/75, பெண்ணுக்கு 16. ஹாப்லிங் என்னும் குறுமாந்தரில் ஆணுக்கு 17, பெண்ணுக்கு 14. பிற இனங்களிலும் இவ்வாறே. எந்த ஓரினத்திலும் பெண்ணின் வரம்பு ஆணின் வரம்புக்கு நிகராக வைக்கப்படவில்லை. வலிமையில் குறைத்ததற்கு ஈடாக வேறொரு தகுதியில் கூட்டிக்கொடுக்கவும் இல்லை.

இவ்விதி எத்தனை பேரைத் தொட்டது? கணக்கிட்டால் வியப்பே மிஞ்சும். மூன்று பகடையிலும் ஆறே விழும் வாய்ப்பு 216இல் ஒன்று. அதன்மேல் 50ஐத் தாண்டும் வாய்ப்பு பாதி. ஆகவே எளிய முறையில் மூன்று பகடை உருட்டினால், மானிட இனத்துப் பெண் போர்வீரர் 432 பேரில் ஒருவரையே இவ்விதி தடுக்கும். எல்ப் இனத்துப் பெண்ணுக்கு அது 54இல் ஒன்று; குறுமாந்தரில் ஏறக்குறைய 11இல் ஒன்று. மானிடரைப் பொறுத்தவரை பெரும்பாலோர் ஆயுட்காலம் முழுவதும் ஆடினாலும் அவ்வரம்பில் முட்டிக்கொள்ளவே மாட்டார்கள். அவ்வாறிருக்க அட்டவணை எதற்கு? ஆட்டத்தில் அதற்கு வேலை அருமை. அச்சிட்ட தாளில்தான் அதற்கு வேலை. கையேட்டைப் புரட்டும் ஒவ்வொரு சிறுமியும், பகடையைத் தொடுமுன்பே, ‘உச்சி உனக்கில்லை’ என்று படித்தாள்.

விதியை ஆதரித்தோர் கூறிய காரணம் இயற்கையோடு பொருந்துதல் என்பது. சராசரி ஆணின் உடல்வலி, சிறப்பாகத் தோள்வலி, சராசரிப் பெண்ணினுடையதைவிட மிகுதி என்பது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சராசரி மனிதர் எவரும் குகைக்குள் புகுந்து பூதத்தோடு பொருவதில்லை. கதைத்தலைமை பூண்ட பாத்திரம் தொடக்கத்திலேயே விதிவிலக்கு. மேலும், இயற்கை என்னும் அளவுகோல் அந்நூல் முழுவதற்கும் இடப்பட்டதா என்று பார்த்தால், இல்லை. தீயுமிழும் பறவைநாகம் உண்டு. இறந்தோரை எழுப்பும் மந்திரம் உண்டு. 1979இல் வந்த நடத்துநர் கையேட்டில் அணிந்தவருக்கு அரக்கர் வலிமையைத் தரும் ஓர் அரைக்கச்சை உண்டு. அது அணிபவர் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. அதே கையேட்டில், அணிந்தவரின் பாலையே மாற்றிவிடும் சாபக் கச்சை ஒன்றும் உண்டு! 18/00 வலிமையுள்ள வீரன் அதை அறியாமல் கட்டிக்கொண்டால், அவன் வலிமை அந்தக் கணமே இறங்கவேண்டுமா? வழக்கறிஞர்களுக்கு ஏற்ற வினா.

நிற்க. எதிர்ப்பும் அக்காலத்திலேயே எழுந்தது. 1979இல் ஜீன் வெல்ஸ் என்னும் பெண்மணி அவ்விளையாட்டை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனத்தில் ஆக்கப் பணியில் சேர்ந்தார். அப்பணிக்கு அங்கே அமர்த்தப்பட்ட முதற்பெண் அவரே. 1980 ஜூலையில் ‘டிராகன்’ 39ஆம் இதழில் அவரும் கிம் மோகன் என்பாரும் சேர்ந்து, பெண்கள் வேண்டும் சமநிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினர். ஆகவே இது பிற்காலத்தார் பழங்காலத்தார்மீது ஏற்றிச்சொல்லும் குறையன்று. விதியின் மை காயுமுன்னரே வாதமும் தொடங்கிவிட்டது. எனினும் விதி நீங்கப் பதினோர் ஆண்டுகள் சென்றன. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பாலை ஒட்டிய வலிமை வரம்பு காணப்படவில்லை. ஆரவாரமில்லாமல் அது உதிர்ந்துபோயிற்று.

தமிழாசிரியர்கள் சுவைக்கத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு. வரம்பு நீங்கிய அந்த இரண்டாம் பதிப்பு, நூல் முழுவதும் ‘அவன்’ என்னும் ஆண்பாற் சுட்டுப்பெயரையே ஆண்டது. பெண்களை விலக்கும் கருத்தோடு அவ்வாறு எழுதவில்லை என்று முன்னதாக ஒரு விளக்கமும் தந்தது. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில்தான், சில தொழிற்பாத்திரங்களுக்கு ‘அவன்’ என்றும் சிலவற்றுக்கு ‘அவள்’ என்றும் எழுதலாயினர். எண்ணில் ஒளிந்திருந்த வேற்றுமை முன்னே போயிற்று. சொல்லில் ஒளிந்திருந்தது இன்னும் பதினோர் ஆண்டு நின்றது. ‘அவர்’ என்னும் பலர்பாற் சொல்லை ஒருவருக்கும் உரிய மதிப்புச் சொல்லாகக் கொண்ட மொழியினர்க்கு இத்துன்பம் விளங்குவது சற்றுக் கடினம்.

இதற்கிடையில் விளையாட்டு கணினிக்குள் புகுந்துவிட்டது. இந்த இடப்பெயர்ச்சியே வரலாற்றில் பெரிய திருப்பம். மேசை விளையாட்டில் நடத்துநர் ஒரு மனிதர். எதிரே அமர்ந்த பெண் முகம் வாடினால், ‘போகட்டும், இந்த விதியை விட்டுவிடுவோம்’ என்று சொல்ல அவரால் முடியும். பொறிக்கு அந்த இரக்கம் கிடையாது. 1988இல் வெளிவந்த ‘பூல் ஆப் ரேடியன்ஸ்’ என்னும் கணினி விளையாட்டு 1978ஆம் ஆண்டு அட்டவணையை அப்படியே ஏற்றது. ஆனால் அதில் ஒரு புதுமை: பகடையில் விழுந்த எண்களைத் திருத்தி, வரம்பு முட்டும்வரை உயர்த்திக்கொள்ள ஆட்டக்காரருக்கு வழி விடப்பட்டிருந்தது. கிடைக்கும் உச்சியை எவர்தாம் விடுவார்? ஆண் வீரனை 18/00க்கு உயர்த்தலாம். பெண் வீராங்கனையை 18/50க்கு மேல் உயர்த்த முடியாது. முன்னவன் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் கூடுதல் சேதம் 6, பின்னவளுக்கு 3. மேசையில் 432 பேரில் ஒருவரைத் தொட்ட விதி, பொறியில் உச்சிக்கு உயர்த்திக்கொள்ளும் ஒவ்வொருவரையும் தொட்டது. தாளில் உறங்கிய அட்டவணை பொறியில் விழித்துக்கொண்டது எனலாம்.

பின்வந்தோர் சிலர் நடுவழி ஒன்று கண்டனர். 2002இல் வந்த ‘மோரோவிண்ட்’ என்னும் விளையாட்டில் இனத்தோடு பாலும் சேர்ந்து தொடக்க எண்களை முடிவுசெய்யும். காட்டாக, ரெட்கார்ட் என்னும் இனத்தில் ஆணுக்கு வலிமை 50, ஆளுமை 30. பெண்ணுக்கு இரண்டும் 40. ஓரிடத்தில் எடுத்ததை மற்றோரிடத்தில் வைத்தனர். தொடக்கம் வேறே தவிர, உச்சி இருபாலார்க்கும் 100தான். முன்னைய அட்டவணையினும் இது நேர்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பெண் என்றதும் வலிமையைக் குறைத்து ஆளுமையைக் கூட்டும் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்பது 1976ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்தவர்க்கு விளங்கும். அதே தொடரில் 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ இத்தகுதிகளையே களைந்துவிட்டது. வழக்கும் அதனோடு ஒழிந்தது.

இவை தனித்திருந்து ஆடுவன. பலர் ஒரே உலகில் கூடி ஆடும் வகை, இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்டில் வளர்த்த ‘மட்’ என்பதிலிருந்து கிளைத்தது. அதில் படமில்லை, எழுத்து மட்டுமே. உச்சப் படியை எட்டிய ஆணுக்கு ஒரு பட்டம், பெண்ணுக்கு வேறொரு பட்டம், அதிகாரம் ஒன்றே. வந்தான், வந்தாள் என்பதுபோல ஈற்றில் மட்டும் வேற்றுமை. பிற்காலத்துப் பெருவிளையாட்டுகளாகிய ‘அல்டிமா ஆன்லைன்’ (1997), ‘எவர்குவெஸ்ட்’ (1999), ‘வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்’ (2004) ஆகிய மூன்றிலும் பாத்திரத்தின் பால் உருவத்தை மாற்றுமேயன்றி ஆற்றலை மாற்றுவதில்லை.

இவ்வொருமைப்பாடு தற்செயலன்று. இணைய உலகில் ஒரு பாத்திரத்தை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வளர்க்கின்றனர்; அங்கே ஓர் எண் குறைந்தால் ஒவ்வொரு நாளும் குறை. குழுவாகச் சென்று போரிடும்போது வலிமை குறைந்த பாத்திரத்தைப் பிறர் சேர்த்துக்கொள்ளவும் தயங்குவர். இதனினும் பெரிய காரணம், பாத்திரத்தின் பாலும் ஆடுபவரின் பாலும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பது. ‘வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்’ ஆட்டக்காரர் 375 பேரை வைத்து நிகழ்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்களில் 23 விழுக்காட்டினர் பெண் உருவை ஏற்றனர். பெண்களில் ஆண் உருவை ஏற்றோர் 7 விழுக்காட்டினர். ஆகவே பெண் பாத்திரத்துக்கு இடும் தண்டம் யார் தலையில் விழும் என்று விதி இயற்றுபவருக்கே தெரியாது. ஆடுபவரைப் பற்றியும் ஒரு சொல்: பெண்கள் மெல்லத்தான் முன்னேறுவர் என்னும் பேச்சு நெடுநாளாக உண்டு. அமெரிக்காவிலும் சீனாவிலும் நடந்த இரண்டு இணைய விளையாட்டுகளின் பதிவுகளைக்கொண்டு 10,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, ஆடிய நேரம் முதலியவற்றைச் சமப்படுத்திப் பார்த்தால் பெண்கள் ஆண்களுக்குப் பிந்துவதில்லை என்று கண்டது.

வழக்கு இத்துடன் தீர்ந்ததா? கொரியாவில் அது வேறுருவம் கொண்டது. 2002இல் தொடங்கி, மலேசிய இளைஞரும் இணைய மையங்களில் விரும்பி ஆடிய ‘ராக்னராக் ஆன்லைன்’ விளையாட்டில் வில்லாளி மேற்படிக்கு ஏறும்போது ஒரு பிரிவு உண்டு. ஆணாயின் பாணன் ஆகலாம். பெண்ணாயின் ஆடல்மகள் ஆகலாம். பாணன் பாடும் பாட்டுக்கு ஒரு பயன். ஆடல்மகளின் ஆட்டத்துக்கு வேறொரு பயன். சில பெருந்திறன்களோ இருவரும் அருகருகே நின்றாலன்றி நிகழா. பாணனும் விறலியும் சேர்ந்து ஊர்ஊராகச் சென்றதைப் படித்துவளர்ந்த தமிழர்க்கு இது அயலாகத் தோன்றாது. இதில் எவர்க்கும் வரம்பு குறைக்கப்படவில்லை. ஒருவரை ஒருவர் வேண்டி நிற்கும்படி வேற்றுமை அமைக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டு அட்டவணையோடு இதனை ஒன்றாக வைத்து எண்ணுவது நீதியாகாது. ஆயினும் பாட விரும்பிய பெண்ணுக்கும் ஆட விரும்பிய ஆணுக்கும் அங்கே வழி அடைபட்டே இருந்தது.

கொரியாவின் மற்றொரு விளையாட்டாகிய ‘பிளாக் டெசர்ட்’ இன்னும் ஒருபடி சென்று, தொழிற்பாத்திரம் ஒவ்வொன்றையும் ஒரு பாலோடு பிணைத்தது. தொடக்க நாளில் அங்கே வில்லேந்தியவள் பெண். பேருடல் கொண்டு கோடரி வீசியவன் ஆண். ஒவ்வோர் உருவத்துக்கும் அசைவுகளைத் தனித்தனியே தீட்டுவது பெருஞ்செலவு என்பது இத்தகைய பிணைப்புக்குச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மையில்லாமல் இல்லை. ஆனால் எந்த உருவத்துக்கு எந்தத் தொழில் என்பதைச் செலவு தீர்மானிப்பதில்லை. 2018ஆம் ஆண்டின் இறுதியில் ஆண் வில்லாளி ஒருவனும் அவ்விளையாட்டில் புகுந்தான். அவனுக்குத் தனிப் படைக்கலம், தனித் திறன்கள். பழைய வில்லாளியின் அம்பு முறைகள் அவனுக்குத் தரப்படவில்லை; அவற்றை விரும்பியவர் பெண்ணுருவையே ஏற்கவேண்டியிருந்தது.