மண்ணெண்ணெய் குடித்த எஞ்சினுக்கு என்ன விலை?

கடைசி லீவுக்குக் கிளிநொச்சி போயிருந்தபோது எங்களில் ஒருவன் தன்ர பல்சரை விற்க வெளிக்கிட்டான். ரண்டு வருசமாக டியூசன் குடுத்துச் சேர்த்த காசை அந்த பைக்கில்தான் கொட்டியிருந்தான். வேற சைலன்சர், வேற எயார் பில்ரர், வெட்டிச் சின்னதாக்கின மட்காட், பெரிய பின் ரயர். வாங்க வந்தவர் சுத்திச் சுத்திப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கழட்டின ஒறிஜினல் சாமான் வச்சிருக்கிறியளோ தம்பி?" இல்லை என்றதும் விலை இறங்கத் தொடங்கியது. எவ்வளவு செலவழித்தானோ, கிட்டத்தட்ட அவ்வளவும் கழிந்தது. மாத்தின சாமானுக்குக் கூடக் கேட்கலாம் என்று நினைத்திருந்த எங்களுக்கு முகத்தில் அடிச்ச மாதிரி இருந்தது.

உலகம் முழுக்க இதுதானாம் கதை. ஸ்போர்ட்ஸ் காரை நாங்கள் யூடியூபில்தான் கண்டிருக்கிறோம், வன்னி ரோட்டில் கண்டதில்லை. ஆனால் அந்தச் சந்தையின் விதி வாசிக்கக் கிடைக்கிறது. ரேர்போ பூட்டி, சைலன்சர் மாத்தி, எஞ்சினின் கணினியைத் திருப்பி எழுதி வலுவைக் கூட்டினவர் போட்ட காசை விற்கும்போது எடுக்கமாட்டார். வாங்குபவருக்கு அது "நல்லாய் முறுக்கின வண்டி" என்ற தடயம் மட்டும்தான். ஆர் செய்தது, எப்படிச் செய்தது, எஞ்சின் எவ்வளவு அடி வாங்கியது என்று தெரியாது. அதனால்தான் கைபடாத ரொயோட்டா சூப்ராவுக்கும் நிசான் ஸ்கைலைனுக்கும் இன்றைக்குத் தலைசுற்றும் விலை. விதிவிலக்கும் உண்டு. 2001இல் வந்த 'த பாஸ்ட் அன்ட் த பியூரியஸ்' படத்தில் பால் வோக்கர் ஓட்டின செம்மஞ்சள் சூப்ரா, தலை தொடக்கம் கால்வரை மாத்தின கார், 2021இல் 550,000 டொலருக்கு ஏலம் போனது. அங்கே விலை சாமானுக்கில்லை, கதைக்கு.

பல்சரின் சோகத்தோடு ஏ9 ரோட்டோரத்தில் ஒரு பழைய கராஜுக்குப் போனோம், பழைய சைலன்சர் ஒன்று அகப்படுமோ என்று. அங்கே இருந்த ஐயா விசயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒரு காலத்தில நான் மாத்திக் குடுத்த மோட்டச்சைக்கிளுக்குத்தான் பிள்ளையள் காசு கூட. மாத்தாததை ஒருத்தரும் திரும்பியும் பாக்காயினம்."

அவர் சொன்ன காலம் பொருளாதாரத் தடைக் காலம். 1990 யூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியதோடு வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. கடத்தி வந்தது கொஞ்சம், அதற்கு யானை விலை. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து வந்தது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, கிளாலிக் கடலால் சனத்தோடு சனமாக மோட்டார் சைக்கிள்களும் வள்ளத்தில் ஏறி வன்னிக்கு வந்தன. அடுத்த வருசம் செப்ரெம்பரில் கிளிநொச்சியும் விழ, அதே வண்டிகள் மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் போயின. இந்த ஓட்டம் முழுக்க ஓடினது மண்ணெண்ணெயில்.

பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டுவது லேசில்லை. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, ஆகவே ஸ்ராட் வராது. அதற்காக ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல், அதிலிருந்து காபரேற்றருக்கு ஒரு சேலைன் ரியூப். நாலு சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பிச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தவேண்டும். நிப்பாட்ட முந்தித் திரும்பவும் பெற்றோலுக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் விடியக் காலமை உதைத்து உதைத்துக் கால்தான் வீங்கும். அடுத்த சிக்கல் அமுக்கம். பெற்றோலுக்கென்று செய்த எஞ்சின் கலவையை இறுக்கி அமுக்கும். மண்ணெண்ணெய் அந்த அமுக்கத்தைத் தாங்காமல் நேரத்துக்கு முந்தி வெடிக்கும், 'டங் டங்' என்று தட்டும். ஐயா செய்த வேலை, ஹெட்டுக்குக் கீழே இன்னொரு கஸ்கற் வைத்து அமுக்கத்தைக் குறைப்பது. வலு குறையும், புகை கண்ணை எரிக்கும், ஆனால் வண்டி ஓடும்.

இது அவர் தனியக் கண்டுபிடித்ததில்லை. 1940களின் முடிவில் இங்கிலாந்தில் பேர்கியூசன் ரக்ரரிலேயே மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் ஒரு மொடல் வந்தது. அதிலும் ஸ்ராட்டுக்கென்று ஒரு சின்னப் பெற்றோல் ராங், அதிலும் குறைந்த அமுக்கம். அங்கே அதை ஒரு கொம்பனி வரைபடம் போட்டுச் செய்தது. இங்கே கஸ்கற் வெட்டக் கிடைத்ததே பழைய தகரமும் மட்டையும்தான்.

எங்களை யோசிக்க வைத்தது, இதனால் விலைப்பட்டியல் தலைகீழானதுதான். புதிய, வேகமான, கூடின அமுக்கமுள்ள எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு மசியாது. ஆகவே அது மாட்டுக்கொட்டிலில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. 1950களின் ஒஸ்ரினும் மொரிஸ் மைனரும், வேற இடத்தில் பழைய இரும்புக்குப் போகவேண்டிய கார்கள், கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடின. மோட்டார் சைக்கிளில் ஹொண்டா எம்.டி. 90 ராசா. விற்கிற ஆள் "இது மண்ணெண்ணெய்க்குச் செற் பண்ணினது, ஒரு உதையில வரும்" என்று சொன்னால் அதற்குத் தனி விலை என்றார் ஐயா. வலுவைக் கூட்டுவதற்கில்லை, குறைப்பதற்குக் காசு! வாங்குகிற ஆளிடமும் ஒரு சோதனை இருந்தது. ஓயில் குச்சியை இழுத்து மணப்பார். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங்கால் வழிந்து ஓயிலைத் தண்ணியாக்கும். மணம் தூக்கலாக இருந்தால் எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

2002 ஏப்ரலில் ஏ9 திறந்தது. பெற்றோல் பவுசரில் வந்தது. இந்தியப் புது மோட்டார் சைக்கிளும் வந்தது. மண்ணெண்ணெய் என்ற சொல் பெருமையிலிருந்து வசைக்கு மாறச் சில மாதமே எடுத்ததாம். சேலைன் ரியூப்பைக் கழட்டி, மேலதிகக் கஸ்கற்றை எடுத்து, ராங்கைக் கழுவி, "இது மண்ணெண்ணெய் காணாதது" என்று சத்தியம் பண்ணி வித்தார்களாம். 2006 ஓகஸ்டில் பாதை திரும்பப் பூட்டுப்பட, கழட்டின ரியூப் திரும்பவும் ஏறியது.

எங்களில் ஒருத்தியின் அப்பாவிடமும் ஒரு எம்.டி. 90 இருந்தது. 2007இல் எஞ்சின் வெடித்தபோது, வேறொரு உடைந்த எம்.டி.யின் எஞ்சினைத் தூக்கிப் பூட்டினார். அந்த நேரம் ஆர் நம்பர் பார்த்தது? 2009இல் அதையும் மாத்தளன் பக்கத்தில் மண்ணில் விட்டுவிட்டு நடந்தார்கள். முள்ளிவாய்க்காலில் மலை மாதிரிக் குவிந்து துருப்பிடித்த சைக்கிள், மோட்டார் சைக்கிள், ரக்ரர்ப் படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பிறகு புத்தகத்தைக் காட்டி வண்டியை எடுக்கலாம் என்றதும் அப்பா போனார். அதிசயமாக வண்டி கிடந்தது. சேசிஸ் நம்பர் சரி, எஞ்சின் நம்பர் பிழை. இரண்டு தரம் அலைந்தார், மூன்றாம் தரம் போகவில்லை. இதை அவர் பகிடியாகத்தான் சொல்லுவார். அம்மா அந்த இடத்தில் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவா.

மொடிஃபை பண்ணினால் விலை குறையும் என்று இணையத்தில் எழுதுபவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வழியில்லை. அந்த எஞ்சின் மாற்றம் அவருக்கு இரண்டு வருச ஓட்டத்தைக் கொடுத்தது, கடைசியில் வண்டியையே எடுத்தது.

எங்கட வயசுக்காரருக்கு இதன் சின்னத் துண்டு ஒன்று 2022இல் கிடைத்தது. யூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, மண்ணெண்ணெய் 87 ரூபா. யூலையில் கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். ஐயாவின் கராஜுக்குத் திடீரென்று ஆக்கள் வரத் தொடங்கினார்கள். "பழைய வேலையைக் காட்டுங்கோ அண்ணை." ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாவானது. அத்தோடு அதுவும் முடிந்தது, கடற்றொழிலாளரின் வயிற்றிலும் அடித்துக்கொண்டு. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து நின்றதால் பழைய வண்டி வாங்கின விலையைவிடக் கூட விற்ற கூத்தையும் அதே காலத்தில் பார்த்தோம். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தாலும், வரி கூட என்பதால் பழையதின் மவுசு குறையவில்லை. அப்படிப்பட்ட சந்தையிலும் எங்கட பல்சருக்கு விலை போகாதது தனிச் சாதனை.

கடைசியில் ஐயாவே ஒரு ஒறிஜினல் சைலன்சரைத் தேடி எடுத்துப் பூட்டிவிட்டார். மட்காட் மட்டும் அகப்படவில்லை. பைக்கை வெளியே உருட்ட முந்தி ஓயில் குச்சியை இழுத்து, ஒரு கணம் மூக்கடியில் பிடித்தார். வாழ்நாளில் மண்ணெண்ணெயே காணாத வண்டி அது. "பழக்கதோசம்" என்று சொல்லித் துடைத்து உள்ளே விட்டார்.