கொங்கு நாட்டு ஆறுகளில் பரிசல்

பரிசல் என்பது மூங்கில் பிளாச்சுகளால் கூடைபோலப் பின்னப்பட்ட வட்ட வடிவ ஓடம் ஆகும். காவிரி, பவானி, மாயாறு போன்ற வேகமும் பாறையும் நிறைந்த ஆறுகளில் பாலங்கள் வருவதற்கு முன்பே மக்களைக் கரை சேர்த்தது இதுவே. கன்னடத்தில் இதனை அரிகோலு என்றும் தெலுங்கில் புட்டி என்றும் வழங்குவர்.

வரலாறு

வட்ட ஓடம் மிகப் பழமையானது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு, பாபிலோன் நகருக்கு ஆற்றின் வழியே வந்த தோல் போர்த்திய வட்டப் படகுகளைக் குறிப்பிடுகிறார். தென்னிந்தியாவில், 1520ஆம் ஆண்டையொட்டி விசயநகரத்துக்கு வந்த போர்த்துக்கேயப் பயணி தொமிங்கோ பாயசு, துங்கபத்திரையில் ஓடிய கூடைப் படகுகளைப் பதிவு செய்துள்ளார். அவை பதினைந்து இருபது பேரைச் சுமந்தன. குதிரைகளும் மாடுகளும்கூட அவற்றில் கடந்தன. நேராகச் செல்லாமல் சுழன்றுகொண்டே சென்றன என்கிறார் அவர்.

அமைப்பும் ஓட்டும் முறையும்

முற்காலத்தில் மூங்கில் கூடையின் வெளிப்புறம் மாட்டுத்தோலால் போர்த்தப்பட்டது. பிற்காலத்தில் பிளாஸ்டிக் சாக்கும் தாரும் தோலின் இடத்தைப் பிடித்தன. அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் முழங்கால் அளவு நீரிலும் பரிசல் மிதக்கும். பாறையில் உரசினால் மூங்கில் வளைந்து கொடுக்கும். சிறிய பரிசலை ஒருவரே தலையில் கவிழ்த்துச் சுமந்து செல்லலாம்.

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்பதில்லை. ஒரு பக்கம் மட்டும் துடுப்புப் போட்டால் அது நின்ற இடத்திலேயே சுற்றும். எனவே ஓட்டுபவர் தமக்கு முன்னால் துடுப்பை இடமும் வலமுமாக மாற்றி நீரை இழுக்கிறார். ஆற்றைக் கடக்க, இறங்க வேண்டிய துறைக்கு நேர் எதிரே புறப்படுவதில்லை. கரையோரமாக மேல்நோக்கிச் சென்று, அங்கிருந்து நீரோட்டத்தோடு குறுக்காக இறங்குவர். வேகத்தை எதிர்த்து வெல்ல முடியாது. அதைப் பயன்படுத்திக் கரை சேர்வதே பரிசல்காரரின் திறமை. எந்தப் பாறைக்குப் பின்னால் சுழல் இருக்கிறது, எந்த அளவு நீரில் எந்த வழி திறக்கும் என்பது ஏட்டில் இல்லை. தலைமுறையாகக் கைமாறிய அறிவு அது.

ஒகேனக்கல்

தருமபுரி மாவட்டத்தில் உள்ள ஒகேனக்கல்லில் காவிரி பல கிளைகளாகப் பிரிந்து பாறைகளுக்கிடையே விழுகிறது. கன்னடத்தில் இப்பெயருக்குப் புகையும் கல் என்று பொருள். இங்கு பரிசல் இன்று சுற்றுலாத் தொழிலாக உள்ளது. பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து உயர்ந்தால் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத்தைத் தடை செய்கிறது. அத்தடை நீளும் நாள்களில் பரிசல்காரர்களுக்கு வருமானம் இல்லை.

தெங்குமரகடா

பரிசல் சுற்றுலாவாக அல்லாமல் தேவையாகவே நீடித்த இடம் நீலகிரி மாவட்டத்தின் தெங்குமரகடா. பவானிசாகரிலிருந்து காட்டு வழியே வரும் பேருந்து மாயாற்றின் கரையோடு நின்றுவிடும். ஊருக்குச் செல்ல ஆற்றைக் கடக்க வேண்டும். நீலகிரியில் பெருமழை பெய்தாலோ, மேலேயுள்ள பைக்காரா அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டாலோ மாயாறு பெருகும். அப்போது நோயாளியும் கர்ப்பிணியும் பள்ளிப் பிள்ளைகளும் பரிசல்காரரின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். ஓட்டலாம் என்று சொல்வதைவிட, இன்று வேண்டாம் என்று சொல்வதற்கே அதிக அனுபவம் தேவை.

இன்றைய நிலை

1934இல் மேட்டூர் அணையும் 1955இல் பவானிசாகர் அணையும் நிறைவடைந்தபின் ஆறுகளின் போக்கு மாறியது. பாலங்கள் பெருகப் பெருகப் பரிசல் துறைகள் பல மறைந்தன. வேலம்பாளையம் உள்ளிட்ட திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதிக்குப் பவானியும் காவிரியும் இன்று குழாய் வழியே வந்துசேரும் குடிநீர். அதே ஆற்று நீர்ப் பரப்பில், மழைக்காலத்தில் ஒரு மூங்கில் கூடையை நம்பி அக்கரைக்குச் செல்லும் மக்களும் இருக்கின்றனர். அவர்களுக்குப் பாலம் வரும் நாளில் பரிசல் தேவைப்படாமல் போகலாம். ஆனால், ஆற்றின் வேகத்தை அளந்து நடந்துகொள்ளும் அறிவு அதனோடு மறைந்துவிடாமல் பதிவு செய்யப்பட வேண்டியது அவசியம்.